கல் சுமந்தவன் பெயர் எங்கே?

கூடலூர் என்றவுடன் நீலகிரி மலையிலுள்ள கூடலூரை நினைப்பவர் பலர். நாம் இங்கே கூறப் புகுந்தது அவ்வூரை அன்று. தேனி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், கம்பம் பள்ளத்தாக்கு முடிந்து மலை எழும்புகிற இடத்தில், நெல்லும் தென்னையும் திராட்சையும் விளைத்து வாழ்கிற சிறிய வேளாண்மை ஊராகிய கூடலூரையே கூறுகிறோம். ஊரைக் கடந்து சிறிது சென்றால் லோயர் கேம்ப். அங்கிருந்து மலைப்பாதை ஏறினால் குமுளி. குமுளியில் சாலையின் ஒரு முனை தமிழ்நாடு, மறு முனை கேரளம். மலேசியத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் நம்மவருள் ‘எங்கள் பாட்டனார் மதுரைச் சீமைக்காரர்’ என்று சொல்லுவோர் அனேகர். அச்சீமையின் தண்ணீர்க் கதை தொடங்குகிற வாசற்படி இக்கூடலூர். ஆதலின் இது நமக்கு அயலூர்க் கதையன்று.

இவ்வூரின் சரித்திரம் யாது என்று வினவினால், மேடைப் பேச்சாளரும் விழா மலர் எழுதுவோரும் ஒரே விடை கூறுவர். வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர் வந்தார், மலைமேல் அணை கட்டினார், வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று, அரசாங்கம் பணம் தர மறுத்தது, அவர் தம் மனைவியின் நகைகளை விற்றார், தண்ணீர் வந்தது, பள்ளத்தாக்கு பிழைத்தது. இவ்வளவே. இதனை நாம் சரித்திரம் என்று ஒப்பமாட்டோம். இது தலபுராணம். தெய்வத்துக்குப் பதிலாக ஒரு துரை இருக்கிறார் என்பது தவிர, நம் பழைய புராணங்களுக்கும் இதற்கும் வேற்றுமை ஒன்றும் நாம் காணவில்லை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கர்னல் ஜான் பென்னிகுயிக் என்ற பொறியாளரின் திறமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. மேற்கே ஓடி அரபிக்கடலிற் கலக்கும் பெரியாற்றை மலைமீது மறித்து, ஒரு மைலுக்கு மேற்பட்ட நீளமுள்ள சுரங்கத்தைக் குடைந்து, அந்நீரைக் கிழக்கே திருப்பி, கூடலூர் வழியாக வைகையிற் சேர்த்தது சாமானியமான காரியம் அன்று. 1887-ம் ஆண்டு தொடங்கிய வேலையில் ஆற்றைத் தற்காலிகமாகத் தடுக்க எழுப்பிய கரைகள் மீண்டும் மீண்டும் வெள்ளத்தில் போயின. அவர் சலிக்கவில்லை. 1895-ம் ஆண்டு அக்டோபரில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு எழுந்த அச்சுவர் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. நன்றி பாராட்டுவது தமிழர் பண்பு, கூடலூர் மக்கள் பாராட்டுகிறார்கள், அது தகும். நாம் கண்டிப்பது நன்றியை அன்று. ஒருவருக்கு நன்றி சொல்லுகிற ஆரவாரத்தில் ஆயிரம் பேரை மறக்கிற அநியாயத்தையே கண்டிக்கிறோம்.

நகை விற்ற கதையை எடுத்துக்கொள்வோம். இதைச் சொல்லுகிறவர் எவரும் ஆதாரமாக ஒரு கடிதத்தையோ கணக்கையோ காட்டுவதில்லை. சற்றே நின்று யோசித்தால் கதையின் உடல் தானே உதிர்ந்துவிடும். எட்டு ஆண்டுகள் ஒரு காட்டுக்குள் ஆயிரக்கணக்கானவருக்குக் கூலி கொடுத்து, கல் உடைத்து, சுண்ணாம்பு சுட்டு, 1,200 அடி நீளமுள்ள சுவரை எழுப்ப ஒரு மாதரசியின் நகைப்பெட்டி போதுமா? அவ்வணை சென்னை அரசாங்கத்தின் மராமத்து இலாகா செய்த வேலை. அரசாங்கத்தின் பணம் எங்கிருந்து வந்தது? நிலத் தீர்வையாகவும் உப்பு வரியாகவும் இந்நாட்டுக் குடியானவன் கொடுத்த பணம் அது. போட்ட முதலைத் தண்ணீர்த் தீர்வையாகத் திரும்ப எடுக்கலாம் என்று கணக்குப் பார்த்தே அரசாங்கம் பாசனப் பெருவேலைகளை நடத்தியது. கொடுத்தவன் குடியானவன், உழைத்தவன் கூலிக்காரன், திரும்பவும் தீர்வை கட்டியவன் குடியானவன். தியாகம் மட்டும் துரைசானியின் நகைக்கா உரியது?

இனி, இவ்வெண்ணமே வெள்ளைக்காரர் மூளையில்தான் முதலில் உதித்தது என்பதும் தவறு. 1789-ம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப இயலுமா என்று பார்த்துவரப் பன்னிருவரை மலைக்கு அனுப்பினார். இயலும் என்று கண்டார். பணம் இல்லாமையால் கைவிட்டார். 1808-ம் ஆண்டு கால்டுவெல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி ஆராய்ந்து, இது வீண் கனவு என்று எழுதிவைத்தார். சமஸ்தானத்துப் பிரதானி ஆகும் என்றதை வெள்ளை அதிகாரி ஆகாது என்று தள்ளினார் என்பதை நம் புராணிகர்கள் ஏனோ சொல்லுவதில்லை. 1850-ல் சிறிய அணை ஒன்றைத் தொடங்கி, காய்ச்சலுக்கு அஞ்சி நிறுத்தினார்கள். பிறகு 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து இலட்சக்கணக்கானவரைக் கொண்டு போயிற்று. 1882-ல்தான் பென்னிகுயிக்கிடம் திட்டம் வந்தது. பிணங்கள் விழுந்தபிறகே அரசாங்கத்தின் கண் திறந்தது என்பதே இதன் பொருள்.

அப்பஞ்சத்தை நாம் மறக்கலாகாது. பட்டினியால் ஊரை விட்டவர்களுள் கப்பலேறி இலங்கைக்கும் மலேயாவுக்கும் வந்தவர் உண்டு. மலையேறிக் கல் சுமந்தவரும் உண்டு. ஒரே பஞ்சம் பெற்ற இரட்டைப் பிள்ளைகள் இவ்விரு கூட்டத்தாரும். கூடலூர் அணைக்கூலியின் கதையைத் தோட்டத் தமிழர் கேட்க வேண்டியதற்கு இதனினும் வேறு காரணம் தேவையா?

இப்பொழுது அக்கூலியிடம் வருவோம். லோயர் கேம்ப் என்னும் பெயரை வாசகர் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு வயல்வெளியின் ஓரத்தில் ஓர் இங்கிலீஷ் பெயர் எப்படி வந்தது? அணை வேலைக்காக மலையடிவாரத்தில் போட்ட முகாமே கீழ் முகாம். அதுவே ஊர்ப்பெயராய் நிலைத்தது. முகாமின் பெயர் நூறு ஆண்டுக்கு மேல் வாழ்கிறது. முகாமில் வாழ்ந்தவன் பெயர் வாழவில்லை. மதுரைச் சமவெளியிலிருந்து ஏறியவர்கள், சென்னைப் பட்டாளத்தின் பயனியர் படையினர், கொச்சியிலிருந்து வந்த தச்சர்கள் எனப் பலதரத்தார் அங்கே உழைத்தனர். மழையும் அட்டையும் யானையும் ஒருபுறம். மலைக்காய்ச்சலும் வாந்திபேதியும் மறுபுறம். செத்தவர் மிகப் பலர். அவர்கள் ‘பெயர் தெரியாத கூலிகள்’ என்று எழுதுகிறார்கள்.

பெயர் தெரியாதவர்களா? தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைக்கிற கிராணி நாம். காலைப் பெரட்டில் எவன் வந்தான், எவள் வரவில்லை, எவனுக்கு அரை நாள், எவளுக்கு முழு நாள் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறிபோடுவது நம் தொழில். பெயர் இல்லாமல் ஒரு காசும் பெட்டியை விட்டு வெளியே போகாது. அரசாங்க வேலைக்கும் இதுவே விதி. மராமத்து இலாகாவில் ஆள் கணக்குப் புத்தகம் இல்லாமல் கூலி பட்டுவாடா செய்ய முடியாது. ஆகையால் கல் சுமந்த ஒவ்வொருவன் பெயரையும் யாரோ ஒரு கிராணி, மலைக்குளிரில் கை விறைக்க, மாதந்தோறும் எழுதியே இருக்கவேண்டும். அவர்கள் பெயரற்றவர்களாகப் பிறக்கவில்லை. பெயரற்றவர்களாக வேலை செய்யவுமில்லை. கணக்கு முடிந்தபின் பெயர்ப் புத்தகம் தேவையில்லை என்று எவரோ தீர்மானித்தார்கள். அதன் பிறகே அவர்கள் பெயரற்றவர் ஆனார்கள். மறதி தானாக வருவது என்று நினைப்பது பிழை. அது ஒருவர் செய்கிற காரியம்.

பெயரைக் காப்பது அக்காலத்து அரசாங்கத்துக்கு இயலாத காரியமா என்றால், அன்று. அதே மதுரைச் சீமையில் அதே அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, பிறமலைக் கள்ளர் சமூகத்தின் ஆடவர் பெயர்களையெல்லாம் பதிந்து, கைரேகை எடுத்து வைத்தது. ஜனங்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்து நின்றவர்களைப் போலீசார் சுட்டனர். பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். சந்தேகப்பட வேண்டியவன் பெயரை விரல் ரேகையோடு காத்த அரசாங்கம், சுவர் கட்டியவன் பெயரைக் காக்கவில்லை! எந்தப் பெயர் வேண்டும், எந்தப் பெயர் வேண்டாம் என்பதில் அதற்கு ஐயமே இருக்கவில்லை. ஆயினும் பெருங்காமநல்லூரில் விழுந்த மாயக்காள் என்ற பெண்ணின் பெயரை அச்சீமையார் இன்றும் சொல்லுகிறார்கள். அரசாங்கம் காக்காத பெயரையும் ஊரார் நினைத்தால் காக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

இனி, வந்த தண்ணீர் யாருக்கு வந்தது? லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் அதனால் விளைகிறது. அதற்கப்பால் மதுரை, மேலூர் முதலிய வட்டாரங்கள் நனைகின்றன. திராட்சையும் செழிக்கிறது, கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆயினும் தண்ணீர் நிலத்துக்குப் பாயும், நிலமில்லாதவனுக்குப் பாயாது. கல் சுமந்தவனுக்கு நிலம் இருந்திருந்தால் அவன் காய்ச்சற் காட்டுக்கு ஏறியிருப்பானா? அவன் பேரப்பிள்ளைகளைப் போன்றவர்கள் இன்றும் மலையேறுகிறார்கள். விடியுமுன் சோற்றுத்தூக்கோடு ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, எல்லை கடந்து, இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் வேலை செய்து, இருட்டும் வேளையில் இறங்குகிறார்கள். அவர்களிற் பெரும்பாலார் பெண்கள். மணிமண்டபத்தைக் கடந்தே அந்த ஜீப்புகள் செல்கின்றன. அவர்களைப் பற்றி எந்த விழாமலர் எழுதுகிறது?

எல்லையின் கதையும் இவ்வாறே. அவ்வெல்லையைக் கடவுள் போடவில்லை, காகிதம் போட்டது. 1886-ம் ஆண்டு அக்டோபர் 29-ம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானமும் வெள்ளை அரசாங்கமும் 999 ஆண்டுக்கு ஒரு குத்தகைப் பத்திரம் எழுதிக்கொண்டன. 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு வருஷம் ஐந்து ரூபாய். 1970-ல் அது முப்பது ரூபாயாயிற்று. 1956-ம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துடன் சேர்ந்தன. தண்ணீர் மேலே ஒரு மாநிலத்தில். வயல் கீழே மற்றொரு மாநிலத்தில். மலைமேலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரைப் பௌர்ணமியன்று ஒருநாள் செல்லவும் இரு மாவட்ட அதிகாரிகள் கூடிப்பேசி நேரம் குறிக்க வேண்டியிருக்கிறது.

1979-ல் அணையின் உறுதி குறித்து அச்சம் எழுந்து, நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. சுவரைப் பலப்படுத்தினார்கள். 2006-ல் உச்சநீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. கேரளம் அதற்கு மாறாகச் சட்டம் செய்தது. 2014-ம் ஆண்டு மே 7-ம் தேதி அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பிணக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. கீழே வாழும் மலையாளத்துக் குடியானவனின் அச்சமும் மெய்யே. இப்புறத்துக் குடியானவனின் தாகமும் மெய்யே. இவ்விரண்டையும் வைத்து வாக்குச் சேர்ப்பவர்கள் இருபுறத்திலும் உண்டு. ஆனால் அடி வாங்கியவன் யார்? 2011-ம் ஆண்டு டிசம்பரில் பூசல் முற்றியபொழுது, ஏலத்தோட்டத்துத் தமிழ்க் கூலிகளே அஞ்சி, காட்டுவழியே பிள்ளைகுட்டிகளோடு இறங்கி ஓடிவந்தார்கள். கம்பம், கூடலூர் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தார்கள். அடிக்கணக்குப் பேசிய தலைவர் எவருக்கும் ஒரு நாட்கூலியும் குறையவில்லை. ஏலக்காய் எடுக்கப் போகாத ஒவ்வொரு நாளும் அக்கூலிகளின் வீட்டில் உலை வைக்கவில்லை.

நம் கூற்றுக்கு ஆட்சேபம் சொல்லுவோர் இருக்கிறார்கள். ‘தலைவன் இல்லாமற் கூலி என்ன செய்வான்? திட்டம் போட்டவனுக்கே புகழ்’ என்பர். திட்டமின்றிக் கல் அணையாகாது என்பது உண்மை. கல்லின்றித் திட்டமும் அணையாகாது. முன்னது எல்லோருக்கும் தெரிகிறது. பின்னதைச் சொல்ல ஆளில்லை. ஆகையால் நாம் சொல்லுகிறோம். மற்றொரு சாரார், ‘பாமர ஜனங்கள் அன்பினால் படத்துக்குப் பொங்கலிடுகிறார்கள், அதைக் கெடுப்பானேன்?’ என்பர். பொங்கலிடும் கைகளை நாம் தடுக்கவில்லை. ஜனவரி 15-ம் தேதி அவர் பிறந்தநாள். பொங்கல் நாளோடு அது ஒட்டிவருவதும் இயல்பே. 2013-ல் லோயர் கேம்பில் மணிமண்டபம் எழுந்தது. 2022-ல் இங்கிலாந்திலுள்ள கேம்பர்லியில் சிலையும் எழுந்தது. எழட்டும். ஆனால் ஒரு மனிதனைத் தெய்வமாக்கினால் இரண்டு தீங்குகள் உண்டாகின்றன. அவன் செய்த உண்மையான வேலையை ஆராய்வது அபசாரமாகிறது. அவனோடு உழைத்தவர்கள் பக்தர் கூட்டமாகிவிடுகிறார்கள். தம் பாட்டன் சுமந்த கல்லைப் பேரன் பிறர் தந்த வரமாக எண்ணிக் கும்பிடுகிறான். தன் உழைப்பைத் தானே பிச்சையாக வாங்கிக்கொள்ளும் இந்நிலையைவிடப் பரிதாபம் உண்டோ?

இனி நம்முடைய தோட்டங்களைப் பார்ப்போம். கூடலூராரைக் குறைகூறிவிட்டு நாம் மட்டும் யோக்கியர் என்று இருக்கலாமா? தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேக மலரைத் திறந்து பாருங்கள். முதற் பக்கத்தில் மானேஜர் படம். அடுத்து நன்கொடையாளர் படம். பிறகு அரசியல்வாதி படம். காடு வெட்டிய முதல் தலைமுறையின் ஒரு பெயரேனும் உண்டா? 1942, 1943-ம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டு போயினர். பல்லாயிரவர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் மாண்ட படைவீரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. நம் தோட்டத்துத் தமிழனுக்கு அத்தகைய வரிசை இல்லை. அவன் பெயரும் செக்ரோலில் இருந்ததுதான். தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டபொழுதும், கைமாறியபொழுதும், வீடமைப்புக்காக அழிந்தபொழுதும் அப்புத்தகங்கள் கறையானுக்கும் நெருப்புக்கும் போயின. எஞ்சியவை இன்றும் போகின்றன.

ஆகையால் நாம் வேண்டுவன சில. கூடலூர் இளைஞர்கள் மணிமண்டபத்து விழாவோடு நின்றுவிடாமல், சென்னை ஆவணக் களரியிலும் மதுரைப் பழங்கணக்குகளிலும் அணை வேலையின் ஆள் கணக்குகள் உளவா என்று தேடவேண்டும். கிடைக்கும் பெயர்களைக் கல்லில் வெட்ட வேண்டும். பெயர் கிடைக்காவிடின் அவர்கள் ஏறிவந்த ஊர்களின் பெயர்களையேனும் வெட்ட வேண்டும். ஜீப்பில் செல்லும் பெண்களின் வாய்மொழியை எழுதி வைக்கவேண்டும்; நூறு ஆண்டு கழித்து அவர்களும் ‘பெயர் தெரியாத கூலிகள்’ ஆகாதிருக்கட்டும்.

இங்கே நாம் செய்யவேண்டியது அதனினும் எளிது. தோட்டத்து ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் அன்பர்களே! பழைய செக்ரோல்களைக் குப்பையென்று கொளுத்தச் சொல்லும்பொழுது, அவற்றைக் கேட்டு வாங்கி ஒரு வாசகசாலையில் சேர்ப்பியுங்கள். லயத்துப் பெரியவர்கள் உயிரோடிருக்கையிலேயே பாட்டன் பெயர், பாட்டி பெயர், புறப்பட்ட ஊர், ஏறிய கப்பல் ஆகியவற்றைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த கோயில் மலரின் முதற்பக்கத்தில் அப்பெயர்களை அச்சிடுங்கள். மானேஜர் படம் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் தோட்டம் ஒன்றும் நின்றுபோகாது.

எழுத்தறிந்த நம் கை இத்தனை ஆண்டுகளாகத் துரைமாரின் இலாபக் கணக்குக்காகப் பெயர்களை எழுதிற்று. இனி அப்பெயருடையவர்களுக்காக எழுதுமா? படித்த வாலிபர்கள் விடை சொல்லட்டும்.